மற்றவர் நானூறு பேர்

சிப்பிக்கரைப் பேருந்து நிலையத்தில் பேச்சித்தாய் ஒலிபெருக்கியில் "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும், பேருந்து இன்னும் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டியிருக்காது, ஆனாலும் ஜனங்கள் மூட்டையைத் தலைக்கு ஏற்றி, பிள்ளையை இடுப்புக்கு ஏற்றி, எழுந்து வரிசையாக நின்றுவிடுவார்கள், அத்தனை பேர் எழுந்து நின்றுவிட்டார்களே என்ற கூச்சத்திலோ என்னவோ பேருந்தும் வந்து சேர்ந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரல் சொல்லி வராமல் போன பேருந்து ஒன்றுகூட இல்லை. ஆகவே, பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் எபனேசர் சார், நானூறு வருஷத்துக்கு முந்தி சீமையிலே எழுதிவைத்த ராஜாக்கள் நாடகம் எட்டையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஆடி முடிக்கும்படி தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தபோது, கட்டியம் சொல்கிற வேஷத்துக்கு ஊர் ஒரே வாயாகப் பேச்சித்தாயைத்தான் கைகாட்டியது.

அது இந்தக் காலத்து ராஜா நாடகம். ராஜாவுக்குக் கிரீடம் கிடையாது, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். சிம்மாசனம் கிடையாது, சுழலும் நாற்காலி, அதுவும் ஒரு சக்கரம் கழன்றது, அதில் எந்த மகாராஜா உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடுவார், அடுத்தவர் வந்து பிடுங்கிக்கொள்வதற்கு அதுவே தோதாக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்தான் ராஜாக்களும் பிரபுக்களும். சீமையில் பேருக்குப் பஞ்சம் போலிருக்கிறது, அப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே பேரை வைத்து, நாலாமவர், ஐந்தாமவர், ஆறாமவர் என்று நம்பர் போட்டிருந்தார்கள். எபனேசர் சாரும் குழப்பம் வேண்டாமென்று பேரை எடுத்துவிட்டு நம்பரை மட்டும் வைத்துக்கொண்டார். ராஜாக்களுக்கு நம்பராவது இருந்தது, சிப்பாய்களுக்கு அதுவும் இல்லை. அந்த வேஷத்துக்குக் கிடைத்ததே நாலு பேர்தான், சாக்கில் சட்டை தைத்து வெள்ளிப் பெயின்ட் அடித்து அவர்களை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

உப்பளத்துக்காரர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர்கள், கோழி அடைகிற நேரத்தில் படுத்துவிடுவார்கள், அதனால் நாடகம் பிற்பகல் மூன்று மணிக்கே ஆரம்பித்தது. உப்பைக் குவித்து வைக்கும் மேடுதான் மேடை, அதற்குப் பின்னால் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று அளம், அதற்கும் பின்னால் கடல். முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பாகம். ஐந்தாமவர் கடல் தாண்டிப் படையெடுத்துப் போகிற இடத்தில் அது முடிகிறது. பேச்சித்தாய் மைக்கின் முன்னால் வந்து, பெரியோர்களே, எங்களிடம் இருப்பது நாலே பேர், இந்த நாலு பேரை நானூறு பேராக நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தபடியே சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷத்துப் பழக்கதோஷம், வாய் தானாகவே, "படை இப்போது நமது உப்பளத்துக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று சேர்த்துச் சொல்லிவிட்டது. சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போனவர்கள் பார்த்தபோது அளத்துக்குள் நானூறு சிப்பாய்கள் நின்றார்கள், வெள்ளிப் பெயின்ட் அடித்த சாக்குச் சட்டையும், முழங்கால் வரை உப்புச் சேறும், பசித்த முகமுமாக. நாலு பேரின் முகத்தையே நானூறு தடவை அச்சடித்தது போல இல்லை, ஆளுக்கு ஒரு முகம் இருந்தது. சபையில் இருந்தவர்கள் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர், ஆளுக்கு ஒருவனை நினைத்திருக்கிறார்கள், நானூறாவது ஆளை மேடையில் நின்றபடி பேச்சித்தாயே நினைத்திருக்கிறாள் என்பது கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. சிப்பாய்கள் பேசியது எபனேசர் சார் எழுதிய தமிழ். அவர்களில் ஒருவன் முன்னால் வந்து, "அன்பரே, பகைவர் பாசறை எத்திசையில் உள்ளது?" என்று கேட்க, அளத்துக் கங்காணி மாசானமுத்து அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும், மொதல்ல கஞ்சியக் குடிங்க" என்றார்.

சிப்பிக்கரைக்கு அவர்களை என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் வந்தவர்களுக்குச் சோறு போடுவது முதல் வேலை, அதை முடிப்பதற்குள் பாய் தலையணை தேடுவது அடுத்த வேலை. நினைத்தவர் வீட்டுக்கே நினைக்கப்பட்டவன் வந்து நின்றதால் பங்கு பிரிப்பதில் சண்டை வரவில்லை. அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்தவன் தபால் பையைத் தூக்கினான், மீன் கடை ரஹ்மத் வீட்டுக்கு வந்தவன் இரண்டே நாளில் சாளைக்கும் அயிலைக்கும் வித்தியாசம் சொன்னான், மிச்சமுள்ளவர்கள் அளத்துக்குப் போய் உப்பு வாரினார்கள். புதன்கிழமைக்குள் எபனேசர் சாரின் செந்தமிழ் அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்துபோய், "ரசம் இருக்கா மதினி" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

தொல்லை வேறொன்றில் வந்தது. அளத்தில் காலையில் கங்காணி நோட்டை விரித்துப் பேர் வாசிப்பார், வாசித்ததும் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால்தான் பாத்தியில் இறங்க முடியும். நானூறு பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் ஒருத்தனுக்கும் பேர் இல்லை. பேரில்லாமல் எப்படி வேய் நானூறு பேர் என்று கங்காணி தலையில் அடித்துக்கொண்டு, தன் வீட்டுக்கு வந்தவனுக்குத் தன் தாத்தா பேரையே வேலாயுதப்பெருமாள் என்று விட்டார். அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு ஆரம்பித்தது. அத்தை முறைக்காரியைக் கூப்பிட்டு, மீசை வைத்த சிப்பாயைக் குனியச் சொல்லி, காதில் மூன்று தடவை பேர் சொல்லி, வாயில் சீனி போட்டார்கள். பிச்சையா, சவரிமுத்து, மைதீன், ஆண்டியப்பன் என்று போன தலைமுறை முழுக்கத் திரும்பி வந்தது. தாத்தா பேரைத் தாங்கியவன் பேரன்தானே, ஆகவே பேர் விட்ட மறு நிமிஷத்திலிருந்து அவர்கள் பேரன்களாகிவிட்டார்கள். மருமகள்கள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாமல், "ஏய், ஒன்னத்தான், சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதெல்லாம் இல்லாமல் ஒரு குடும்பமா?

பேச்சித்தாய் வீட்டுச் சிப்பாய்க்கு மட்டும் பேர் விடவில்லை. அவன் அளத்துக்கும் போகவில்லை. காலையில் அவளுடைய சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே பேருந்து நிலையத்துக்கு வந்து, அவள் அறிவிக்கும் அறையின் வாசற்படியில் உட்கார்ந்து, ஊர்ப் பேர்களை அவள் வாசிக்க வாசிக்க உதட்டை அசைத்துக்கொண்டிருப்பான். பேரு விட்டாச்சா என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டால் பார்ப்போம், பார்ப்போம் என்றே நாளைக் கடத்தினாள். அவளுக்குத் தெரிந்த பேரெல்லாம் அவன் முகத்தில் ஒட்டாமல் கீழே விழுந்தன. ஒட்டக்கூடிய பேர் ஒன்று இருந்தது, அதை அவளால் சொல்ல முடியாது.

அது அவள் புருஷன் பேர். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள், அவளும் ஒரு நாள் ஒரு பொழுது வாய் தவறிச் சொன்னதில்லை, ஆனாலும் ஆயுசு தன்பாட்டுக்குக் குறைந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி உப்பு லாரி கவிழ்ந்ததில் அவன் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பத்திரிகைக்காரர் அவசர அவசரமாக ஒவ்வொருவரிடமும் செத்தவர் பேர் கேட்டுக்கொண்டு வந்தார். அவளிடம் வந்தபோதும் வழக்கம் விடவில்லை, தவம் பண்ணுதவனும் மரத்துல பழுக்குறதும் சேர்ந்தா அவுக பேரு என்று ரேஷன் கடையில் சொல்கிற மாதிரியே சொன்னாள். வெளியூர்க்காரருக்கு அது விளங்கவில்லை, அடுத்த ஆளிடம் போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில் ஆறு பேருக்குப் பேர் போட்டு, மற்றொருவர் என்று முடித்திருந்தது. ஊர் ஊராகப் பேர் சொல்லிப் பிழைக்கிறவள் தன் புருஷனை மற்றொருவராக்கிவிட்டாள், அந்த வேதனையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேருந்து வராத இடைவெளியில், சிப்பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் செத்துப்போவோம் என்று சொன்னான். நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்பதுபோலத்தான் சொன்னான். அவளுக்கு அப்போதுதான் இரண்டாம் பாகம் ஞாபகம் வந்தது. போர் முடிந்ததும் கட்டியக்காரி மைக்கின் முன்னால் வந்து, களத்தில் மடிந்தவர் கோமகன் ஒருவர், தளபதி ஒருவர், வேறு பேர் சொல்லும்படி யாருமில்லை, மற்றவர் நானூறு பேர் என்று வாசிக்க வேண்டும். அந்த வரியை ஒத்திகையில் இருபது தடவையாவது வாசித்திருக்கிறாள், இருபது தடவையும் அது அவளுக்கு வெறும் வரியாகத்தான் இருந்தது.

செய்தி பரவ, அன்று சாயங்காலமே ஊர் கூடியது. நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றார்கள், எவன் செத்தால் என்ன என்று கேட்க இப்போது யாரும் தயாராக இல்லை, எல்லாரும் பேரன்கள். ஆனால் சிப்பாய்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேலாயுதப்பெருமாள் எழுந்து, ஊர் பெரிய மனசு பண்ணிச் சோறு போட்டதுக்கு நன்றி, ஆனா வந்த சண்டை முடியாம எங்களுக்குத் தூக்கம் வர மாட்டேங்குது, இந்த அஞ்சு நாளா ஒருத்தனும் கண்ண மூடல, எங்களால கெழவனாவவும் முடியாது, வீட்டுக்குப் போவவும் முடியாது, இப்படியே நின்ன எடத்துலயே நிக்கணும், நாடகம் நடக்கட்டும் என்றான். அவர்கள் கண்களைப் பார்த்த பிறகு ஊராரால் மறுத்துப் பேச முடியவில்லை. அப்படியானால் அந்த ஒரு வரியையாவது அடித்துவிடும் என்று எல்லாரும் எபனேசர் சார் பக்கம் திரும்பினார்கள்.

எபனேசர் சார் நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், ஆனால் அந்த வரியில் மட்டும் கல்லாக நின்றார். எட்டு ராஜாக்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டதில் செத்ததெல்லாம் யார் என்று அந்த ஒரு வரி சொல்கிறது, அதைச் சொல்வதற்காகத்தான் எட்டு நாடகத்தையும் எழுதினேன், அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஹெல்மெட்டும் நாற்காலியும்தான் என்றார். இதைச் சொன்ன அவர் வீட்டிலும் ஒரு சிப்பாய் இருந்தான். பேச்சித்தாய்க்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அவர் சொல்வது நிஜம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் எழுந்து சபைக்கு நடுவே வந்தாள்.

"சார், அந்த வரிய அடிக்க வேண்டாம். சாவு சாவாவே இருக்கட்டும். ஆனா மற்றவர்னு என் வாயால வராது. ஒவ்வொருத்தர் பேரா வாசிக்கேன்."

"நானூறு பேரையுமா? சனம் எழும்பிப் போயிரும்மா."

"தெனமும் நானூறு ஊர் பேரு வாசிக்கேன் சார். இன்னைக்கு வரைக்கும் யாரும் எழும்பிப் போனதில்ல."

சாவை நிறுத்த அவளுக்கு வழி தெரியவில்லை, போகிறவன் பேரோடு போகட்டும் என்பது மட்டும்தான் அவள் எண்ணம், இதற்குமேல் யாருக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. எபனேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சரி என்றார். சனிக்கிழமை கங்காணி தன் நோட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அஞ்சல்காரர் வீட்டுச் சிப்பாய், மீன் கடைச் சிப்பாய் எல்லாருமே புதன் முதல் கங்காணி பேர் வாசிக்கும்போது வந்து நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போனார்கள், அவர்கள் எல்லாருடைய பேரும் அதில் இருந்தது. அவள் வீட்டுச் சிப்பாய் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரு இதுல இல்லியேக்கா" என்றான். நாளைக்குள்ள யோசிக்கேன் என்றாள். உங்க வீட்டுக்காரர் பேரு என்ன என்று அவன் கேட்டான், அவள் தவம் பண்ணுதவனையும் மரத்தில் பழுக்கிறதையும் சொன்னாள், அவன் வெகுநேரம் யோசித்தும் பிடிபடாமல் தலையை ஆட்டிக்கொண்டே பாயை விரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போர் ஆரம்பித்தது. எதிரிப் படைக்கு ஆள் இல்லை, எதிரி என்பது இரண்டு தவில் மட்டும்தான், அது முழங்க முழங்க நானூறு பேரும் வெள்ளைப் பாத்திகளுக்குள் ஓடினார்கள், ஐந்தாமவர் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார், தவில் நின்றபோது சிப்பாய்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உப்பின்மேல் கிடந்தார்கள். ரத்தம் இல்லை, காயம் இல்லை. கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி வேலாயுதப்பெருமாளின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார், பார்த்துவிட்டு அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்கள். அஞ்சு நாள் பேரனுக்கு எத்தனை கண்ணீர் விடலாம் என்று அளவு ஏதும் உண்டா, அவரவர்க்கு வந்த மட்டும் அழுதார்கள்.

பேச்சித்தாய் மைக்கின் முன்னால் வந்து நோட்டை விரித்தாள். மடிந்தவர் கோமகன் ஒருவர், தளபதி ஒருவர் என்று வாசித்தாள். அதற்கு அடுத்த வரியைத் தாண்டி, பேருந்து நிலையத்தில் வாசிக்கிற அதே நிதானத்தில், அதே ஏற்ற இறக்கத்தில், "வேலாயுதப்பெருமாள்" என்றாள்.

கடல் சத்தம் கேட்டது. பிறகு பாத்திக்குள்ளிருந்து, தூங்கி எழுந்தவன் குரலில், "இருக்கேன்" என்று பதில் வந்தது.

அவன் என்ன செய்வான் பாவம், நாலு நாளாகக் கங்காணி நோட்டை விரித்துப் பேர் வாசித்தால் இருக்கேன் என்று சொல்லித்தான் பழக்கம், இது செத்தவர் பட்டியல் என்பது செத்துக் கிடந்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? கன்னத்தில் ஒட்டிய உப்பைத் துடைத்துக்கொண்டு, வேலைக்குப் பிந்திவிட்டவன்போலப் பதறி எழுந்து நின்றான். இருக்கேன் என்று வாயால் சொன்னவனை இல்லை என்று எந்த நாடகம் சொல்ல முடியும்? கங்காணி அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டார். பேச்சித்தாய் குரல் ஆடாமல் அடுத்த பேருக்குப் போனாள், பிச்சையா என்றாள், இருக்கேன், சவரிமுத்து என்றாள், இருக்கேன், மைதீன், இருக்கேன், ஆண்டியப்பன், இருக்கேன் என்று வாசிக்க வாசிக்க, பாத்தி பாத்தியாக, வரிசை வரிசையாக, சிப்பாய்கள் எழுந்து நின்றார்கள், மருமகள்கள் வழக்கத்தை மறந்து மாமனார் பேரைச் சொல்லிக் கத்தினார்கள், எபனேசர் சார் ராஜாவின் நாற்காலியில் உட்கார்ந்து இடது பக்கம் சாய்ந்தபடி குழந்தைபோல அழுதார். ஒரு மணி நேரம் வாசித்தாள். யாரும் எழும்பிப் போகவில்லை.

முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் எழுந்து நின்றார்கள். நோட்டு முடிந்தது. மேடைக்குக் கிட்டே, முதல் பாத்தியில், ஒருவன் மட்டும் முகத்தை அவள் பக்கம் திருப்பியபடி கிடந்தான், அவளுடைய சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன். ஊர் மொத்தமும் அவனைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. நாடகத்துக்கு மிச்சமிருந்தது இரண்டே வார்த்தை, மற்றவர் ஒருவர் என்று சொன்னால் முடிந்துவிடும், எபனேசர் சார் எழுதியபடியே சரியாக முடிந்துவிடும், அந்தப் பத்திரிகையில் முடிந்த மாதிரியே.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள், அந்த நாலு பேர்தானே நானூறாகி எதிரே நிற்கிறார்கள் என்றும் நினைத்தாள். யாருடைய ஆயுசு குறையும் என்று பயந்து சொல்லாமல் இருந்தாளோ, அவனுக்குக் குறைவதற்கு இனி ஆயுசு மிச்சமில்லை. பேச்சித்தாய் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"தவசிக்கனி" என்றாள்.

பதில் இல்லை. பேருந்து நிலையத்தில் எதையும் இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம், ஆகவே அவள் இன்னொரு தடவை, ஊரும் தெருவும் தகப்பன் பேரும் சேர்த்து, ஒரு எழுத்தும் விழுங்காமல் சொன்னாள். "சிப்பிக்கரை கீழத்தெரு, சுடலைமுத்து மகன், தவசிக்கனி."

வெள்ளை உப்பில் கிடந்தவன் உதட்டை அசைத்துப் பார்த்தான். அந்தப் பேரை இப்போதுதான் பிடித்துக்கொண்டவன்போலச் சிரித்தான்.

"இருக்கேன்" என்றான்.

பேச்சித்தாய் மைக்கை அணைக்க மறந்து அழுதாள். அன்று ஒலிபெருக்கியை நிலையம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அங்கே நாடகத்துக்கு வராமல் பேருந்துக்குக் காத்திருந்த வெளியூர்க்காரர்கள் சிலர், அந்தக் குரல் சொல்லிவிட்டதால் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மூட்டையைத் தலைக்கு ஏற்றி, பிள்ளையை இடுப்புக்கு ஏற்றி, எழுந்து நின்றார்கள்.